எத்தனாலுக்கு மாறிய அபார்த் புன்ட்டோ: பெங்களூரு ஷெட்டிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி, ஃபியட் அபார்த் புன்ட்டோ. 1,368 சிசி டி-ஜெட் எஞ்சின், நான்கு சிலிண்டர், சின்னதாக ஒரு டர்போ. கம்பெனிக் கணக்கில் 145 குதிரைத்திறன், 212 நியூட்டன் மீட்டர் டார்க். 2015-இல் இங்கே விற்பனைக்கு வந்தபோது ஷோரூம் விலை பத்து லட்சத்துக்குள். அந்தக் காசுக்கு 145 குதிரை என்பது அன்று சாதாரண விஷயமில்லை. ஃபியட் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திய பிறகு, உதிரிபாகம் வேண்டுமென்றால் ஜே.சி. ரோட்டைச் சல்லடை போட்டுச் சலிக்க வேண்டும்.

சொந்தக்காரர் அல்சூரில் பிறந்து வளர்ந்த தமிழர், ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலை. புன்ட்டோவை ஆபீசுக்கு எடுத்துப் போவதில்லை, அதற்கு மெட்ரோ. இந்த வண்டி சென்னைக்குப் பக்கத்திலுள்ள இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு மட்டும். ஷெட் லிங்கராஜபுரத்தில். ஆம்பூரிலிருந்து வந்து இங்கேயே நிலைத்துவிட்ட ஒரு மெக்கானிக் அண்ணன் நடத்துகிறார். எஞ்சினை ஆளும் கணினியான ஈசியூவின் கேலிபரேஷன் என் பங்கு.

கோளாறு என்று சொல்ல வந்தது ஒன்றுதான்: டிராக்கில் நாலைந்து சுற்று போனதும் வண்டி சோர்ந்துவிடுகிறது. ஈசியூ பதிவு செய்து வைத்த லாகை எடுத்துப் பார்த்தால் காரணம் பளிச்சென்று தெரிந்தது. சென்னை வெயிலில், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடேறி, நாக் சென்சார் கூப்பாடு போட, ஈசியூ இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக் சுடும் நேரத்தை, பின்னால் இழுத்துக்கொண்டே போகிறது. (பிளக் சுட்ட பிறகு மிச்சக் கலவை தானாக வெடிப்பதுதான் நாக்.) எஞ்சினுக்குத் தெம்பு இருக்கிறது. எரிபொருள் விடவில்லை.

வழக்கமான வைத்தியங்கள் மூன்று: பெரிய இன்டர்கூலர், அதிக ஆக்டேன் (நாக் ஆகாமல் தாங்கும் அளவு) பெட்ரோல், வாட்டர்-மெத்தனால் இன்ஜெக்‌ஷன். முதலாவதை ஏற்கனவே போட்டாகிவிட்டது. 100 ஆக்டேன் பெட்ரோலின் விலை கேட்டாலே மயக்கம் வரும். சொந்தக்காரர் கேட்டார்: “அண்ணா, எத்தனால்ல போட்டா என்ன? பிரேசில்ல எல்லாரும் அதானே ஓட்றாங்க?”

அவர் அறியாமலே பொருத்தமான ஊரைச் சொல்லிவிட்டார். பிரேசில் 1975-இல் எத்தனால் திட்டத்தைத் தொடங்கியது. 1979-இல் அங்கே எத்தனாலில் மட்டும் ஓடும்படி தொழிற்சாலையிலிருந்தே வெளிவந்த முதல் கார், ஃபியட் 147. இந்தப் புன்ட்டோவுக்குப் பெரியப்பா முறை.

எத்தனால் என்ன செய்கிறது

எத்தனாலில் சக்தி அதிகம் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் குறைவு: பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல், எத்தனாலில் 21. ஆனால் எஞ்சின் விழுங்குவது காற்றை. எவ்வளவு காற்றோ அதற்குத் தக்கபடிதான் எரிபொருள். பெட்ரோலுக்கு ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று, எத்தனாலுக்கு 9 கிலோ. இந்தக் கணக்கில் ஒரு கிலோ காற்றுக்குக் கிடைக்கும் ஆற்றல் இரண்டிலும் கிட்டத்தட்ட சமம். எத்தனாலுக்கு ஓரிரு சதவீதம் கூட வரலாம், அவ்வளவுதான்.

லாபம் வேறு இரண்டு இடங்களில். ஒன்று ஆக்டேன்: ஆராய்ச்சி ஆக்டேன் எண் 108 அளவில். இரண்டு, ஆவியாகும்போது உறிஞ்சும் வெப்பம். கிலோவுக்கு ஏறக்குறைய 900 கிலோஜூல், பெட்ரோலுக்கு 350. எத்தனால் போகும் அளவும் அதிகம் என்பதால், ஒரு கிலோ காற்றுக்குக் கணக்குப் போட்டால் பெட்ரோல் 24 கிலோஜூல் உறிஞ்சும், எத்தனால் 100. நாலு மடங்கு குளிர்ச்சி. சென்னை வெயிலுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

இந்தக் குளிர்ச்சி லாகில் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்டேக் வெப்பநிலை சென்சார், இன்ஜெக்டருக்கு முன்னால் இருக்கிறது. எரிபொருள் தெளிப்பதோ வால்வின் முதுகில். அதனால் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் சென்சார் ஒரே எண்ணைத்தான் காட்டும். “டெம்பரேச்சர் குறையவே இல்லையே” என்று சொந்தக்காரர் முகம் வாடியது இதனால்தான். நாக் எண்ணிக்கையைக் காட்டிய பிறகே சமாதானமானார்.

பங்கில் என்ன கிடைக்கிறது

2023 பிப்ரவரி 6-ஆம் தேதி இ20 பெட்ரோலைப் பிரதமர் தொடங்கிவைத்தது பெங்களூரில்தான், இந்தியா எனர்ஜி வீக் மேடையில். இன்று சாதாரண பங்கில் ஊற்றுவதே இ20. ஆக, எத்தனால் மாற்றம் என்பது பெட்ரோலிலிருந்து தொடங்குவதில்லை, ஐந்தில் ஒரு பங்கு எத்தனாலிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்கக்காரர்கள் போடும் கணக்கை எடுத்து அப்படியே இங்கே ஒட்டினால் தப்பாகும்.

மறுமுனையில் இ100. 2024 மார்ச்சில் இந்தியன் ஆயில் 183 பங்குகளில் தொடங்கியது. மகாராஷ்டிரம், கர்நாடகம், உத்தரப் பிரதேசம், டெல்லி, தமிழ்நாடு என்று ஐந்து இடங்கள். பெயர்தான் 100. உள்ளே 93 சதவீத அளவில் எத்தனால், ஐந்து சதவீதம் பெட்ரோல், மிச்சம் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு கரைப்பான். அந்தப் பெட்ரோல் வீணுக்கு இல்லை. குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கு அது வேண்டும். இந்த எரிபொருளுக்கென்றே இங்கே வண்டி செய்தவர்கள் தூரத்தில் இல்லை: ஓசூர் டிவிஎஸ் 2019-லேயே அப்பாச்சி ஆர்டிஆர் 200-இல் இ100 மாடலை வெளியிட்டது.

ஆக டாங்கியில் 20-க்கும் 93-க்கும் இடையில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். 45 லிட்டர் டாங்கியில் பத்து லிட்டர் இ20 மிச்சமிருக்க, மேலே இருபது லிட்டர் இ100 ஊற்றினால் 69 சதவீதம். மிச்சமிருந்தது பதினைந்து என்றால் 62. எரிபொருள் முள்ளை நம்பி இந்தக் கணக்கைப் போட்டு, அதற்கேற்ப லேப்டாப்பில் மேப் (எரிபொருள், டைமிங் அட்டவணை) மாற்றி ஓட்டும் ஆட்கள் இருக்கிறார்கள். நாங்கள் அதற்குத் தயாராக இல்லை. டாங்கியில் இருப்பதை வண்டியே கண்டுபிடிக்க வேண்டும் என்று முதல் நாளே முடிவாயிற்று. மற்ற பாகங்களில் காசை இறுக்கிப் பிடித்தாலும் இதில் பிடிக்கவில்லை.

இன்ஜெக்டர் கணக்கு

இலக்கு 180 குதிரைத்திறன், அதாவது 134 கிலோவாட். அதற்கு மேல் போனால் கிளட்ச்சும் கியர்பாக்ஸும் கேள்வி கேட்கும். இந்த அளவு டர்போ எஞ்சின் முழு த்ராட்டிலில் ஒரு கிலோவாட்-மணிக்கு 340 கிராம் பெட்ரோல் குடிக்கும் என்று வைத்தால் மணிக்கு 45.6 கிலோ, லிட்டரில் 61. அதே வேலைக்கு இ100 என்றால் எடையில் ஒன்றரை மடங்குக்கும் கொஞ்சம் மேல், அடர்த்தியைச் சரிசெய்து பார்த்தால் மணிக்கு 91 லிட்டர்.

நான்கு இன்ஜெக்டருக்குப் பங்கிட்டால் தலைக்கு நிமிடத்துக்கு 380 சிசி. இன்ஜெக்டரை 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்து வைக்கக்கூடாது என்பது பொதுவிதி. அப்படியானால் 475. 550 சிசி வாங்கினோம். பெரிதாகவே போடலாமே, 1000 சிசி மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். இ20-இல் ஐட்லிங்கில் நிற்கும்போது இன்ஜெக்டர் திறந்திருப்பது ஒன்றிரண்டு மில்லி செகண்ட்தான். பெரிய இன்ஜெக்டர் அவ்வளவு குறுகிய நேரத்தில் ஒரே அளவாகத் தெளிக்காது. வண்டி சிக்னலில் நின்று குலுங்கும்.

பம்பும் மாற்றியாக வேண்டும். டாங்கிக்குள் நிற்கும் பம்பின் மோட்டார், பிரஷ், ஒயர் எல்லாம் எரிபொருளில் மூழ்கியே வேலை செய்கின்றன. பெட்ரோல் மின்சாரத்தைக் கடத்தாது, எத்தனால் கொஞ்சம் கடத்தும். எத்தனாலுக்கென்று செய்த பம்பையே போட வேண்டும். அது இழுக்கும் கரண்ட் அதிகம் என்பதால் பேட்டரியிலிருந்து தனியாகத் தடித்த ஒயர், தனி ரிலே.

ரப்பர் விஷயத்தில் ஒரு நுணுக்கம். சுத்தப் பெட்ரோலோ சுத்த எத்தனாலோ தனித்தனியே செய்யும் கெடுதலைவிட இரண்டின் கலவை சாதாரண நைட்ரைல் ரப்பரை அதிகம் ஊத வைக்கும். கலவையிலேயே வாழப்போகும் வண்டிக்கு இது முக்கியம். ஹோஸ் எல்லாம் டெஃப்ளான் உள்சுவர் கொண்டவை, ஓ-ரிங் எல்லாம் எத்தனாலைத் தாங்கும் வைட்டான் ரப்பர் என்று பட்டியல் எழுதி அண்ணனிடம் கொடுத்தேன். அந்த ஓ-ரிங்குக்குப் பிறகு வருகிறேன்.

ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்த ரகம், இடைவெளி 0.65 மில்லிமீட்டர். எத்தனால் எளிதில் நாக் ஆகாது என்றாலும், சூடான பரப்பு பட்டால் பிளக் சுடும் முன்பே தானாகப் பற்றிக்கொள்ளும் குணம் பெட்ரோலைவிட அதற்கு அதிகம். நாக் இல்லை என்ற தைரியத்தில் பழைய பிளக்கை விட்டுவைத்து பிஸ்டனை ஓட்டை போட்டுக்கொண்டவர்கள் உண்டு.

சென்சாரும் ஈசியூவும்

கான்டினென்டல் தயாரிக்கும் ஃப்ளெக்ஸ் ஃப்யூயல் சென்சார், உள்ளங்கையில் அடங்கும். எரிபொருள் அதன் வழியே பாய்கிறது. பெட்ரோலின் மின்காப்பு மாறிலி 2 அளவில், எத்தனாலுக்கு 24 சுற்றுவட்டம். இந்த வித்தியாசத்தை அளந்து ஓர் அலைவரிசையாக அனுப்புகிறது. 50 ஹெர்ட்ஸ் என்றால் எத்தனால் பூஜ்யம், 150 என்றால் நூறு சதவீதம். பங்க் பெட்ரோலில் 70 காட்டியது. 70-இல் 50 போக 20. அண்ணனுக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஷெட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினார்.

சென்சாரை நம்புவதற்கு முன் கையால் ஒரு சோதனை. 100 மில்லி அளவுக் குழாயில் 20 கோடு வரை தண்ணீர், மேலே 100 வரை பங்க் பெட்ரோல். வாயை மூடி நன்றாகக் குலுக்கி நிறுத்தினால், எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும். கலங்கல் தெளிந்ததும் கீழ் அடுக்கு 36-இல் நின்றது. ஏறியது 16, ஊற்றியது 80, ஆக 20 சதவீதம். சென்சார் சொன்னதும் அதுவே. இ100-க்கு இந்த அளவு தண்ணீர் போதாது. அவ்வளவு எத்தனாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்தாலும் பெட்ரோல் பிரியாமல் கரைந்தே நிற்கும், தண்ணீரைப் பல மடங்கு கூட்டினால்தான் மேலே மெல்லிய படலம் தெரியும்.

சென்சாருக்கு ஒரு பலவீனம்: தண்ணீர். அதன் மின்காப்பு மாறிலி 80. மழைக்காலத்தில் ஈரம் இழுத்த எத்தனால் என்றால், எத்தனால் கூடிவிட்டதாகச் சென்சார் நினைக்கும். 180 ஹெர்ட்ஸுக்கு மேல் போனால் எரிபொருள் கெட்டது என்று பொருள். அந்த நிலையிலும், ஒயர் அறுந்து சிக்னலே வராத நிலையிலும், ஈசியூ பூஸ்ட்டை (டர்போ ஏற்றும் காற்றழுத்தத்தை) குறைத்து, இக்னிஷனை இ20 மேப்புக்குக் கொண்டுபோகும்படி எழுதினோம்.

ஈசியூ தனியாக வாங்கிய ஸ்டாண்ட்அலோன், கம்பெனி ஈசியூவைச் சாராமல் தானே இயங்கும் ரகம். கம்பெனி ஈசியூவைக் கழற்றவில்லை. அதைக் கழற்றினால் இம்மொபிலைசரும் மீட்டர் போர்டும் மக்கர் செய்யும். அது பக்கத்தில் உட்கார்ந்து மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொள்கிறது, இன்ஜெக்டரும் இக்னிஷனும் புதியதன் பொறுப்பு.

மேப் இரண்டு: ஒன்று இ20-க்கு, ஒன்று இ93-க்கு. இடையில் சென்சார் சொல்வதற்கேற்பக் கலவை. எரிபொருள் அளவு நேர்கோட்டில் கூடும். இக்னிஷன் அப்படிக் கூடாது. நாக் தடுக்கும் பலனில் பெரும்பகுதி 40, 50 சதவீதத்துக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. அதனால் டைமிங் வளைவு முதலில் செங்குத்தாக ஏறி, 60-க்கு மேல் படுத்துவிடும். என்னைக் கேட்டால் இந்த வண்டிக்கு 60 சதவீதமே போதும். மேலே இருப்பது பெருமைக்கு.

புகையை வைத்துக் காற்று-எரிபொருள் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. டாஷ்போர்டில் அது 12.1 என்று காட்டியதும் சொந்தக்காரர் பதறினார்: “எத்தனாலுக்கு ஒன்பதுன்னு சொன்னீங்களே, இது பன்னெண்டு காட்டுதே, லீன் ஆகுதா?” லீன் என்றால் எரிபொருள் குறைவு. அப்படி ஆகவில்லை. சென்சார் அளப்பது லாம்டாவை, அதாவது முழுதாக எரியத் தேவையான காற்றில் எத்தனை மடங்கு இருக்கிறது என்பதை. மீட்டர் அதைப் பெட்ரோலின் 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. லாம்டா 0.82 என்றால் பெட்ரோல் கணக்கில் 12.1, இ100 கணக்கில் 7.7. மீட்டரை லாம்டாவுக்கே மாற்றிவிட்டோம். அன்றோடு அந்தப் பேச்சு தீர்ந்தது.

டைனோவில்

டைனோ என்பது வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டுச் சக்தியை அளக்கும் மேடை. அதில் முதலில் பூஸ்ட்டைத் தொடவில்லை. அதே 0.9 பார், எரிபொருள் மட்டும் மாற்றம். உச்ச டார்க் வரும் இடத்தில் ஒவ்வொரு டிகிரியாக டைமிங்கை முன்னால் தள்ளி, ஒவ்வொன்றுக்கும் டார்க்கைக் குறித்துக்கொண்டோம். முதல் டிகிரி நன்றாகக் கொடுத்தது, இரண்டாவதும். நான்காவதில் ஏற்றம் சொற்பம். ஐந்தாவதில் ஒன்றுமில்லை. நான்கிலிருந்து ஒன்று குறைத்து மூன்றில் நிறுத்தினோம்.

எத்தனால் மாற்றத்தில் ஆபத்தான இடம் இது. பெட்ரோலில் டைமிங்கைக் கூட்டினால், உச்ச டார்க்கை எட்டும் முன்பே நாக் வந்து கையைத் தட்டிவிடும். எத்தனாலில் அந்தக் காவல்காரன் இல்லை. உச்சத்தைத் தாண்டி இன்னும் மூன்று, நான்கு டிகிரி போனாலும் சத்தமே வராது, டார்க்கும் அவ்வளவாகக் குறையாது. உள்ளே சிலிண்டர் அழுத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போய், ஒருநாள் கனெக்டிங் ராட் வளைந்து நிற்கும். “எத்தனால்ல எவ்ளோ வேணும்னாலும் அட்வான்ஸ் கொடுக்கலாம்” என்று சொல்கிற டியூனரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். டைனோவோ டார்க் அளவீடோ இல்லாமல், காதை மட்டும் நம்பிச் செய்கிற வேலை இல்லை இது.

அதன் பிறகு பூஸ்ட். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். இங்கே காற்றழுத்தம் 0.91 பார் அளவில்தான். கேஜில் 1.1 பார் என்றால் எஞ்சினுக்குள் மொத்தம் 2.0. அதே 2.0 சென்னையில் கிடைக்க 1.0 போதும். மொத்த அழுத்தத்தையே இலக்காக எழுதினால் இரண்டு ஊரிலும் எஞ்சினுக்கு ஒரே சாப்பாடு. டர்போவுக்குத்தான் வித்தியாசம், பெங்களூரில் அது 2.2 மடங்கு அழுத்த வேண்டும், சென்னையில் 2 மடங்கு.

டைனோ கம்ப்யூட்டருக்கு இது தெரியாது. மேட்டு நிலத்தில் சக்தி குறையும் என்று வைத்து, வந்த எண்ணோடு பத்து சதவீதம் சேர்த்துக் கொடுக்கும். டர்போ இல்லாத எஞ்சினுக்கு அது நியாயம். மொத்த அழுத்தத்தைப் பிடித்து நிற்கும் டர்போ எஞ்சினுக்கு, இல்லாத குதிரையைக் கொட்டிலில் கட்டுவது. பெங்களூரில் அச்சிட்டுக் கொடுக்கும் டைனோ தாள்களில் பாதியை நான் நம்பாததற்குக் காரணம் இது. இங்கே சொல்பவை திருத்தம் சேர்க்காத, சக்கரத்தில் அளந்த எண்கள்: மாற்றத்துக்கு முன் 120-ஐ ஒட்டி, டைமிங்குக்குப் பிறகு 130-ஐத் தாண்டி, பூஸ்ட்டோடு 150 பக்கம். இன்ஜெக்டர் டியூட்டி (திறந்திருக்கும் நேரப் பங்கு) 70 சதவீதத்துக்குள்.

குளிர் ஸ்டார்ட்டில் நினைத்தது போலவே மல்லுக்கட்டு. எத்தனால் 78 டிகிரியில்தான் கொதிக்கும், பெட்ரோல் போல எளிதில் ஆவியாகும் பாகங்கள் அதில் இல்லை. 15 டிகிரிக்குக் கீழே பற்றிக்கொள்ளவே தயங்கும். பிரேசில் கார்களில் இதற்காகவே பானட்டுக்குள் சின்னதாக ஒரு பெட்ரோல் டாங்கி இருந்தது. டிசம்பர் காலையில் லிங்கராஜபுரம் ஷெட்டில் 15, 16 டிகிரி. கிராங்கிங்கின்போது எரிபொருளை இரண்டு மடங்குக்கு மேல் கூட்டி எழுதிய பிறகுதான் வழிக்கு வந்தது. கூட்டிய எரிபொருளில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். அதனால் ஒவ்வொரு டிராக் நாளுக்குப் பிறகும் ஆயில் மாற்றம், பேச்சே இல்லை.

டிராக்கில் வந்த கோளாறு

இருங்காட்டுக்கோட்டையில் முதல் அமர்வு அருமை. நாக் பூஜ்யம், கடைசிச் சுற்றும் முதல் சுற்றும் ஒரே வேகம். இரண்டாவது அமர்வில் நேர்ப்பாதையின் பாதியில் எஞ்சின் வெட்டியது. ஈசியூவின் பாதுகாப்பு வேலை: முழு த்ராட்டிலில் லாம்டா 0.90-ஐத் தாண்டினால் அணைத்துவிடு என்று எழுதியிருந்தோம்.

லாகில் 5,500 ஆர்பிஎம்முக்கு மேல் லாம்டா 0.82-இலிருந்து 0.93-க்கு நகர்ந்திருந்தது. பக்கத்துக் கோட்டில் எரிபொருள் அழுத்தம், 3.5 பார் இருக்க வேண்டியது 2.7. இங்கே ஒரு சின்னக் கணக்கு நிறைய அலைச்சலை மிச்சப்படுத்தியது. இன்ஜெக்டர் பாய்ச்சல், அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும். 2.7-ஐ 3.5-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.88. 0.82-ஐ அதால் வகுத்தால் 0.93. லாகில் இருக்கும் அதே எண். அழுத்தம் விழுந்தது ஒன்றே முழுக் காரணம் என்றாகிவிட்டது. இன்ஜெக்டரில் அடைப்பு, ஃப்ளெக்ஸ் சென்சார் பொய், மேப்பில் பிழை என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சந்தேகம் டாங்கிக்கும், இன்ஜெக்டர்களுக்கு எரிபொருளைப் பகிரும் குழாய்க்கும் இடையில் மட்டும்.

பம்பில் வோல்ட்டேஜ் 13.4, குறையில்லை. ஃபில்டரைக் கழற்றி அண்ணன் ஒரு வெள்ளைத் துணியில் தட்டினார். காப்பித் தூள் நிறத்தில் கசடு. வருஷக்கணக்காகப் பெட்ரோல் டாங்கிச் சுவரில் பூசி வைத்திருந்த பிசினை எத்தனால் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் சேர்த்திருக்கிறது. எதிர்பார்த்ததுதான், மாற்று ஃபில்டர் கையிலேயே இருந்தது. மாற்றினோம். அழுத்தம் 3.1 வரை ஏறி அங்கேயே நின்றது.

மிச்சத்துக்குக் காரணம் டாங்கிக்குள். பம்ப் தொகுப்பை வெளியே எடுத்தபோது, பம்பின் வாயும் மேல்குழாயும் சேரும் இடத்தில் ஓ-ரிங் ஊதி, கொழகொழத்து, காடியை விட்டு ஒரு பக்கம் பிதுங்கிக்கொண்டிருந்தது. அழுத்தம் கூடும்போதெல்லாம் அந்த இடுக்கு வழியாக எரிபொருள் டாங்கிக்கே திரும்பிக்கொண்டிருக்கிறது. வெளியே ஒரு சொட்டுக் கசிவு இல்லை, வாசனை இல்லை. பட்டியலில் வைட்டான் என்று எழுதியிருந்தும், கடைக்காரர் “இதுவும் எத்தனாலுக்கு ஓகே சார்” என்று சாதாரண நைட்ரைலைக் கொடுத்திருக்கிறார். இரண்டும் கறுப்பு, அளவும் ஒன்றே, கண்ணால் பிரித்தறிய முடியாது.

இப்போது ஷெட்டில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. எந்த ரப்பர் வாங்கினாலும் அதில் ஒன்றை, இ20-உம் இ100-உம் பாதிப்பாதி ஊற்றிய ஊறுகாய் பாட்டிலில் போட்டு அலமாரியில் வைத்துவிடுகிறார் அண்ணன். சில நாள் கழித்து எடுத்து, ஊறாத ஜோடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பாட்டில் மூடியில் கடையின் பெயரை மார்க்கரில் எழுதி வைக்கிறார். அந்தப் பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை.

சட்டமும் பங்கும்

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆர்.சி.யில் எரிபொருள் என்ற கட்டத்தில் பெட்ரோல் என்று இருக்கிறது. சிஎன்ஜி கிட்டுக்கு அங்கீகாரம், பதிவு என்று பழகிப்போன வழி இருக்கிறது. ஷெட்டில் ஸ்டாண்ட்அலோன் ஈசியூ மாட்டி மாற்றியதை அந்த வழியில் கொண்டுபோக முடியாது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் பிடிப்பதும் இதைத்தான். எனவே இந்த வண்டி சாலையில் ஓடுவதில்லை. பெங்களூரிலிருந்து ஃப்ளாட்பெட் லாரியில் ஏறி, கிருஷ்ணகிரி, வேலூர் வழியாக டிராக்குக்குப் போய் அப்படியே திரும்புகிறது.

எரிபொருளும் லாரி மேலேயே. கேனில் வாங்கிச் சேர்த்து வைக்கலாம் என்ற யோசனையை ஆரம்பத்திலேயே கைவிட்டோம். பெட்ரோலியச் சட்டப்படி இந்த வகைத் திரவம் 30 லிட்டருக்கு மேல் வைத்திருக்க உரிமம் வேண்டும், திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் ஈரமும் இழுக்கும். வழியில் இ100 விற்கும் பங்கில் லாரியை நிறுத்தினால், ஊழியர் வண்டியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது பெட்ரோல் வண்டிதானே சார்? எத்தனால் போட்டா எஞ்சின் போயிடும். அப்புறம் எங்ககிட்ட வந்து சண்டை போடுவீங்க.”

“இல்ல தம்பி, எல்லாம் மாத்திருக்கோம். இத பாருங்க” என்று அண்ணன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். ஊழியர் மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் வந்து, இன்ஜெக்டர் வரை விசாரித்துவிட்டு, ஊற்றச் சொன்னார். திரையில் 20 என்று இருந்த எண் உடனே நகரவில்லை. சென்சார், லைனில் பாயும் எரிபொருளைத்தான் படிக்கும். எஞ்சினை ஓடவிட்டுப் பழையது தீர்ந்து புதியது வந்த பிறகு 40, 55, 70 என்று ஏறியது. ஊழியரும் கூடவே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

செலவில் பெரும்பங்கு ஈசியூவும் டைனோ வாடகையும். இன்ஜெக்டர், பம்ப், சென்சார், ஹோஸ் நான்கையும் கூட்டினாலும் ஈசியூ விலையைத் தொடவில்லை. ஓடும் செலவில், அதே சக்திக்கு இ20-ஐவிட ஏறக்குறைய 35 சதவீதம் அதிக லிட்டர் போகிறது. 45 லிட்டர் டாங்கி டிராக்கில் சீக்கிரம் காலியாகிவிடுவதுதான் சொந்தக்காரரின் இப்போதைய புலம்பல். வெறும் வேகம் மட்டும் வேண்டியவர்களுக்கு இந்த மாற்றத்தை நான் சொல்ல மாட்டேன். நல்ல இன்டர்கூலரும் இ20-க்குச் சரியாக எழுதிய மேப்பும் பாதி தூரம் கொண்டுபோய்விடும். வெயிலில் கடைசிச் சுற்று வரை ஒரே மாதிரி ஓட வேண்டும் என்கிறவருக்கு மட்டும் இது.

வைட்டான் ஓ-ரிங் போட்ட பிறகு அழுத்தம் 3.5-இலேயே நிற்கிறது. ஃபில்டரில் கசடு குறைந்துகொண்டே வருகிறது, ஆனாலும் ஒவ்வொரு டிராக் நாளுக்கும் ஒரு புது ஃபில்டர் பெட்டியில் போகிறது. இந்தப் பருவம் முடிந்ததும் இன்ஜெக்டர் நான்கையும் கழற்றி ஃப்ளோ பெஞ்சில் வைக்க வேண்டும். நான்குக்கும் இடையில் பாய்ச்சல் மூன்று சதவீதத்துக்கு மேல் வேறுபட்டிருந்தால், கரைந்து வந்த பிசின் ஃபில்டரையும் தாண்டியிருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் டாங்கியை இறக்கிக் கழுவியாக வேண்டும்.